மாதிரி மூடி

ஒரு தொழிற்சாலைக்கு ஒரு பொருள் தேவைப்பட்டால் வாங்கிவிடுவார்கள். தேவைப்படாவிட்டால் குழு அமைப்பார்கள். இந்தத் தொழிற்சாலையில் குழு அமைத்தார்கள்.

அங்கே தயாரானது மருந்து பாட்டில் மூடி. வெள்ளைப் பிளாஸ்டிக், உள்ளே மரை, மரைக்கு அடியில் மெல்லிசாக ஒரு வாஷர். வாஷர் இருந்தால் மருந்து பாட்டிலில் இருக்கும். இல்லாவிட்டால் மருந்து வாங்கியவரின் பையில் இருக்கும். மெஷினிலிருந்து விழும் மூடிகள் வாயைத் திறந்தபடி வரிசையாக ஒரு பெல்ட்டில் ஏறி, ஓர் அம்மாளைக் கடந்துதான் பெட்டிக்குள் போக வேண்டும். வாஷர் இல்லாதது, வாஷர் மடிந்தது, மரை தேய்ந்தது, விளிம்பு கீறியது என்று எது வந்தாலும் அவள் கை அதை எடுத்து சிவப்புத் தட்டில் போட்டுவிடும். மற்ற கையால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாலும் அந்தக் கை தவறாது. அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்றபடி பதினெட்டு வருஷமாக அவள் கழுகக்காதான்.

வீட்டிலும் அந்தக் கண் ஓய்வதில்லை. அவள் வீட்டுக்காரர் தையற்காரர். ஒரு சட்டையைத் தைத்து முடித்து அவர் நிமிர்வதற்குள், அடுப்படியிலிருந்தே "மூணாவது காஜா கோணல்" என்பாள். அவர் அளந்து பார்ப்பார். கோணலாகத்தான் இருக்கும். அவருக்கு இரண்டு முழங்காலும் மக்கர். தையல் மிதி மிதிக்கிற நாளைவிட மிதிக்காத நாள் அதிகம். குடும்பம் ஓடியது கழுகக்காவின் கண்ணால்தான்.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் மூடி வந்தால் சுமார் நானூறு சிவப்புத் தட்டுக்குப் போகும். அதாவது நூற்றுக்கு நான்கு. ஆனால் தர மேலாளர் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் "குறை: சுழியம் புள்ளி இரண்டு சதவீதம்" என்றுதான் இருக்கும். இதில் பொய் எதுவும் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன் தர மேலாளர் பதவியேற்ற அன்று, கைக்கு வந்த ஓர் எண்ணை எழுதி அனுப்பினார். பெரிய முதலாளி அதைப் படித்துவிட்டு ஓரத்தில் "நன்று. இதையே தொடரவும்" என்று எழுதினார். முதலாளி சொன்னதை மீறும் ஆள் இல்லை தர மேலாளர். அதையே தொடர்ந்தார்.

இப்படி எல்லோரும் நிம்மதியாக இருந்த நேரத்தில் சின்ன முதலாளி ஒரு கண்காட்சிக்குப் போய்வந்தார். போகும்போது வெறுங்கையோடு போனவர், வரும்போது இரண்டு பை நிறையத் துண்டுப் பிரசுரங்களும் ஒரு புதிய பேச்சுமாக வந்தார்.

"மெஷின் விஷன் சென்சார்! உலகம் பூரா இப்ப இதுதான். மனுஷன் பாக்கிற கம்பெனிய எவனும் மதிக்கிறதில்ல."

"எதுக்கு சார் அது?" என்று கேட்டார் தர மேலாளர்.

"பாக்கிறதுக்கு."

"எத சார்?"

சின்ன முதலாளி யோசித்தார். கண்காட்சியில் அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. "எல்லாத்தையும்" என்றார்.

பெரிய முதலாளியிடம் போனது விஷயம். அவர் வாங்கவும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. "கட்டுப்படியாகிற விலையில இருந்தா பாருங்க" என்றார். ஆக, மறுநாளே "கட்டுப்படியாகும் விலையிலான இயந்திரப் பார்வை உணரித் தேர்வுக் குழு" உதயமாயிற்று. தலைவர், தர மேலாளர். உறுப்பினர், கொள்முதல் அதிகாரி. தொழிலாளர் தரப்பில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று எங்கோ ஒரு விதி இருந்ததாலும், சோதனை நடக்கப்போவது அவள் பெல்ட்டில்தான் என்பதாலும், கழுகக்காவும் உறுப்பினர் ஆனாள். தன் நாற்காலிக்கு வரப்போகிறவரைத் தானே தேர்ந்தெடுக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கூட்ட அறையில் மட்டும் அவளுக்கு நாற்காலி இல்லை. பிரதிநிதி நின்றுகொண்டே பிரதிநிதித்துவம் செய்யலாம் என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று.

முதல் கூட்டத்தில் கொள்முதல் அதிகாரி விலையைக் குறைக்கும் வழிகளை ஆராய்ந்தார்.

"எல்லா மூடியையும் பாக்கணுமா? ஒண்ணு விட்டு ஒண்ணு பாக்கிற மாதிரி வாங்கினா பாதி விலைக்குத் தருவானா?"

"விட்ட ஒண்ணுல கோளாறு இருந்தா சார்?" என்றாள் கழுகக்கா.

"பாக்காத மூடியில கோளாறு இருக்குன்னு எப்படிம்மா சொல்ல முடியும்? ஆதாரம் வேணாமா?"

அடுத்து விளக்கு வந்தது. சென்சாருக்குத் தனி விளக்கு வேண்டும், அதற்குத் தனி விலை என்று விலைப்பட்டியலில் போட்டிருந்தது. ஜன்னல் இருப்பதால் விளக்கு அநாவசியம் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஜன்னல் பெல்ட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வதாகவும் தீர்மானிக்கப்பட்டது.

முதலில் வந்தது விலை உயர்ந்த சென்சார். அதோடு கழுத்துப்பட்டை கட்டிய ஒரு விற்பனையாளரும் வந்தார். விளக்கு அவரே கொண்டுவந்திருந்தார். ஒரு நாள் முழுக்க அது பார்த்தது. பத்தாயிரம் மூடியில் நானூற்று ஏழு தவறு என்றது.

அன்று கழுகக்காவும் பக்கத்திலேயே உட்கார்ந்து கையால் தொடாமல் மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். அவள் கணக்கு நானூற்று நாலு. மூன்று இடிக்கிறதே என்று, அந்த மூன்றையும் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மரைக்கு நடுவில் முடி மாதிரி ஒரு கீறல். மூன்றிலும் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று பெயரெடுத்தவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்ச நேரம் அந்தக் கருவியையே முறைத்தாள். பிறகு, "படவா, புடிச்சிட்டியே!" என்று அதன் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். வேலை போகிறதென்றால் இதனிடம் போகட்டும் என்று நிஜமாகவே தோன்றியது அவளுக்கு. 

குழுவுக்கு அப்படித் தோன்றவில்லை. தர மேலாளர் நானூற்று ஏழைப் பார்த்து மூச்சு விட மறந்தார்.

"நம்ம அறிக்கைப்படி இருபதுதானே வரணும்? இது இருபது மடங்கு தப்பாப் பாக்குது!"

"சார், மூடியப் பாருங்க. வாஷரே இல்ல" என்றார் விற்பனையாளர்.

"வாஷர் இல்லாத மூடின்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். குறையுள்ள மூடின்னு யார் சொன்னா? பதினோரு வருஷ அறிக்கை இருக்கு. உங்க மெஷின் நேத்து வந்தது. எது நம்பகமானது?"

"சார், அது சொல்றது சரிதான். நானும் எண்ணினேன்" என்றாள் கழுகக்கா.

"ஏம்மா, உன் வேலைக்கே உலை வைக்கிற மெஷினுக்கு நீயே வக்காலத்தா?" என்று கொள்முதல் அதிகாரி சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விற்பனையாளர் விளக்கை அணைத்து, சென்சாரைப் பெட்டியில் வைத்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது நடுத்தர விலை. அதை விற்க வந்தவர் உலகம் தெரிந்தவர். "எத்தனை குறை வேணும்னு சொல்லுங்க சார், அதுக்கேத்த மாதிரி திருகி வச்சுடலாம்" என்றார். தர மேலாளருக்கு முகம் மலர்ந்தது. இருபதுக்குத் திருகினார்கள். யாராவது மிதித்து நசுக்கிய மூடியை மட்டும் அது பிடித்தது. ஆனால் ஒரு நாள் இருபது, மறுநாள் இருபத்து மூன்று. "ஒழுங்கு போதாது" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாவதுதான் கட்டுப்படியாகிற விலை. விற்பனையாளர், விளக்கு, பயிற்சி எதுவுமில்லாமல் ஒரு பார்சலில் தனியாக வந்தது. உள்ளே கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கண், ஒரு வயர், யாருக்கும் புரியாத பாஷையில் ஒரு புத்தகம். புத்தகத்தில் படம் மட்டும் புரிந்தது: கண்ணுக்கு முன்னால் ஒரு பொருள், பக்கத்தில் ஒரு விரல் பித்தானை அழுத்துகிறது.

"நல்ல மூடி ஒண்ண இதுக்கு முதல்ல காட்டணும். அதப் பாத்து இது கத்துக்கும்" என்று தர மேலாளர் சரியாகவே சொன்னார். இந்தக் கதையில் அவர் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

தொழிற்சாலையில் மாதிரி மூடி என்று ஒன்று இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன், லட்சம் மூடியில் ஒன்றாகக் கழுகக்காவே பொறுக்கிக் கொடுத்தது. மரையில் பிசிறில்லை. வாஷர் ஒட்டினால்போல் உட்கார்ந்திருக்கும். கண்ணாடிப் பெட்டியில் பட்டுத் துணிமேல் வைத்திருந்தார்கள். அதை எடுத்துவந்து தர மேலாளர் சென்சாரின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"இன்னும் கிட்ட சார்" என்றார் கொள்முதல் அதிகாரி. "மலிவான சென்சார். தூரத்துல இருந்தா தெரியாது."

இன்னும் கிட்டக் கொண்டுபோனார். இன்னும் கிட்ட. கடைசியில் அது 'டக்' என்று கண்மேல் உட்கார்ந்துகொண்டது. பாட்டில் கழுத்தும் அந்தக் கண்ணும் ஒரே அளவு. யாரோ அளவெடுத்துச் செய்தது மாதிரிப் பொருந்திற்று.

"இதுக்கு மேல கிட்ட காட்ட முடியாது" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் பித்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. பெல்ட்டை ஓட்டினார்கள். பத்தாயிரம் மூடியும் கடந்துபோயின. பத்தாயிரமும் நல்லது என்றது சென்சார். குறை: சுழியம்.

குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. தர மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "புள்ளி இரண்டையும் ஒழிச்சிட்டோம்" என்றார்.

கழுகக்காவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "சார், அந்த மூடிய எடுக்கலியே. அது கண்ண மறைச்சிக்கிட்டு இருக்கு."

"எடுக்கக் கூடாதும்மா. எடுத்துட்டா மறந்துடும்."

"மறந்துடுமா?"

"நல்ல மூடி எப்படி இருக்கும்னு அதுக்கு ஞாபகம் இருக்க வேணாமா? எப்பவும் கண்ணு முன்னாடியே இருந்தாத்தானே ஒப்பிட்டுப் பாக்கும்? நீ பதினெட்டு வருஷமாப் பாக்கிறே, உனக்கு மனசுல இருக்கு. பாவம், அது புதுசு."

"அப்ப பெல்ட்டுல வர்றத எப்படிப் பாக்கும் சார்?"

"ஏம்மா, பாக்காமலா பத்தாயிரத்தையும் நல்லதுன்னு சொல்லுது?"

கழுகக்கா, கடந்துபோன மூடிகளில் வாஷரில்லாத ஒன்றை எடுத்து சிவப்புத் தட்டில் போட்டாள்.

தீர்மானம் எழுதப்பட்டது. "மேற்படி உணரி, மேற்படி மாதிரி மூடியுடன் ஒருங்கே தேர்வு செய்யப்படுகிறது. மாதிரி மூடி உணரியின் பிரிக்க முடியாத அங்கமாகக் கருதப்படும்." பிரதிநிதி என்ற முறையில் கழுகக்காவும் கையெழுத்துப் போட்டாள், நின்றுகொண்டே. அதே தாளின் மறுபக்கத்தில் இன்னொரு தீர்மானம்: "பார்வைப் பணி இயந்திரத்திடம் ஒப்படைக்கப்படுவதால், மேற்படி பணியிலுள்ள ஊழியர் மாத இறுதியுடன் நன்றியோடு விடுவிக்கப்படுகிறார்."

வீட்டுக்கு வந்து சொன்னாள். வீட்டுக்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"உன்ன விட நல்லாப் பாக்குதா அது?"

"மொதல்ல வந்தது பாத்துச்சுங்க. என் வேல அதுக்கிட்ட போயிருந்தா அழுதுட்டு விட்டிருப்பேன். இது குருடுங்க. ஒரு குருட்டுக்கிட்ட என் நாற்காலியக் குடுத்துட்டு வர்றேன்."

அவர் ஊசியில் நூல் கோக்க வராமல் அவளிடம் நீட்டினார். ஒரே முறையில் கோத்துக் கொடுத்தாள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது அந்த விபரீதம் நடந்தது. பெருக்கும் அம்மாள் ஒட்டடை அடிக்கப்போக, துடைப்பத்தின் நுனி பட்டு மாதிரி மூடி கழன்று விழுந்தது. சென்சார் பிறந்ததிலிருந்து முதல்முறையாக உலகத்தைப் பார்த்தது. பார்த்ததும் அலறிற்று. சிவப்பு விளக்கு சுழன்றது, மணி அடித்தது, பெல்ட் நின்றது. அது கற்றுக்கொண்டதோ இருட்டு. இப்போது எதைக் காட்டினாலும் தவறு, தவறு, தவறு என்றது.

தர மேலாளர் ஓடிவந்தார். பின்னாலேயே சின்ன முதலாளி. "சென்சார் பழுதாயிடுச்சு! யாருக்காவது தெரியுமா? புத்தகம் எங்க?" என்று கத்தினார் தர மேலாளர்.

கழுகக்கா குனிந்து, உருண்டோடிய மாதிரி மூடியை எடுத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். இப்போது சொல்லலாம். பெல்ட்டில் ஒரு நல்ல மூடியை வைத்து, பித்தானை இன்னொரு தடவை அழுத்தினால் போதும். இந்த மலிவுக் கண்ணும் ஓரளவுக்குப் பார்க்கும். வாஷர் இல்லாததையாவது பிடிக்கும்.

"சார், இத இப்படியே விட்டுட்டு, கீழ ஒரு நல்ல மூடிய வச்சு..."

"ஏம்மா, பெல்ட் நிக்குது! உனக்குச் சரி பண்ணத் தெரியுமா, தெரியாதா?"

அவள் கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். சுழலும் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். இன்னும் இரண்டு நாளில் காலியாகப்போகும் தன் நாற்காலியையும் பார்த்தாள். வீட்டில் மிதிக்காமல் கிடக்கும் தையல் மெஷின் ஞாபகம் வந்தது.

"தெரியும் சார்" என்றாள். மூடியைக் கண்மேல் வைத்து அழுத்தினாள். 'டக்.' மணி நின்றது. பச்சை எரிந்தது. பெல்ட் ஓடிற்று.

எல்லோரும் கைதட்டினார்கள். "இந்த அம்மாவையா அனுப்பறீங்க? சென்சார ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச ஒரே ஆள் இவங்கதானே!" என்று சின்ன முதலாளி கடிந்துகொண்டார். அன்று மாலையே குறிப்பாணை வந்தது. கழுகக்கா இனி "உணரிக் காப்பாளர்". அதே சம்பளம், அதே நாற்காலி. நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டார்கள். இனி அவள் பார்க்க வேண்டியது சென்சாரை. பெல்ட் அவள் முதுகுக்குப் பின்னால் ஓடும். தினமும் காலையில் மாதிரி மூடி ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்து, ஒரு நோட்டில் "நல்லது" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் வாரம் முதுகு குறுகுறுத்தது. பின்னால் வாஷரில்லாத மூடி போவது அதன் சத்தத்திலேயே தெரிந்தது அவளுக்கு. கை தானாக எழும். அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்வாள். மூன்றாம் வாரம் கை எழவில்லை.

மருந்துக் கம்பெனியிலிருந்து, பாட்டில்கள் ஒழுகுவதாக ஒரு கடிதம் வந்தது. குறை சுழியம் என்ற சென்சார் அறிக்கையை இணைத்துப் பதில் அனுப்பினார்கள். மூடியில் குறை இல்லையென்றால் பாட்டிலில்தான் குறை என்று புரிந்துகொண்டு, அந்தக் கம்பெனி பாட்டில்காரரை மாற்றிற்று. பிறகும் ஒழுகிற்று. அங்கிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்தார். சென்சாரைப் பார்த்து அசந்துபோனார். எந்தக் கடையில் வாங்கியது என்று குறித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் அவர்களும் அதே சென்சார் வாங்கினார்கள். மாதிரி மூடி ஒன்று தரச் சொல்லிப் பணிவோடு கேட்டு எழுதியிருந்தார்கள். இங்கிருந்து வேறொரு மூடியை அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அங்கேயும், அறிக்கைப்படி, எதுவும் ஒழுகவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கழுகக்கா வீட்டுக்கு வந்தபோது, வீட்டுக்காரர் இருமிக்கொண்டே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருமல் மருந்து வாங்கிவந்த பையில், தைத்து முடித்த ஒரு சட்டையும் இருந்திருக்கிறது. வெள்ளைச் சட்டை. மருந்தில் முக்கால்வாசியைச் சட்டை குடித்திருந்தது.

"உங்க மூடிதானே இது?" என்று நீட்டினார்.

பார்க்காமலே தெரிந்தது. திருகிப் பார்த்தாள். மரைக்கு அடியில் வெறும் பிளாஸ்டிக். வாஷர் இல்லை.

"அந்தக் குருட்டு மெஷின் எதையாவது பாக்குதா, இல்லியா?"

"பாக்குது."

"என்னத்தப் பாக்குது?"

"நாங்க செஞ்சதிலேயே நல்ல மூடி ஒண்ணு இருக்குங்க. அத மட்டும் பாக்குது."

அவர் சிரிக்கப்போய் இருமல் பிடித்துக்கொண்டது. பாட்டிலின் அடியில் இரண்டு வேளைக்கு மருந்து மிச்சமிருந்தது. அதையும் ஒழுக விடாமல், கைவிரலால் பாட்டில் வாயை அடைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கழுகக்காவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாஷரில்லாத மூடியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை, தர மேலாளர் வருவதற்கு முன்பே தொழிற்சாலைக்குப் போனாள். பெல்ட் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. சென்சாரின் கண்ணிலிருந்து மாதிரி மூடியைக் கழற்றினாள். ஒன்பது வருஷத்துக்கு முன் தான் பொறுக்கியது. வாஷர் அப்படியே இருந்தது. வீட்டிலிருக்கும் பாட்டிலுக்குச் சரியாக இருக்கும். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த மூடியைக் கண்மேல் வைத்து அழுத்தினாள்.

'டக்.' அதுவும் பொருந்திற்று.

பெல்ட் ஓடிற்று. முதல் மூடி வந்தது. நல்லது என்றது சென்சார். இரண்டாவதையும் நல்லது என்றது. மாதிரி மாறியது அதற்குத் தெரியவில்லை. தர மேலாளர் வந்தார், சின்ன முதலாளி வந்தார், இரண்டு விருந்தாளிகளை அழைத்துவந்து சென்சாரைக் காட்டினார். யாருக்கும் தெரியவில்லை.

கழுகக்கா நோட்டை எடுத்தாள். இந்தக் கை குறையுள்ள மூடி ஒன்றைக்கூட நல்லது என்று சொன்னதில்லை. பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, மூடி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போனார் தர மேலாளர்.

"நல்லா இருக்கு சார்" என்றாள். எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.